தேங்காய் நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தவன். ரே ஹைமன் பற்றி செமினாரில் எப்படிப் பேச?

சுருளகோட்டுப் பையன் கேட்டது:

எம்.எஸ்சி. உளவியல் முதல் வருடம். அடுத்த வாரம் செமினார். அமானுஷ்யம் என்று சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்த்த ஒரு பேராசிரியரைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு விழுந்தது ரே ஹைமன். 1928-இல் பிறந்தவர், 1953-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம், ஹார்வர்டில் சில வருடம், 1961 முதல் ஒரிகன் பல்கலைக்கழகம். இதெல்லாம் எழுதியாயிற்று.

சிக்கல் வீட்டில்தான். 1959-இல் இவான் வோக்ட் என்ற மானிடவியலாளரும் இவரும் சேர்ந்து, குச்சி பிடித்து நிலத்தடி நீர் பார்ப்பவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். குச்சியை அசைப்பது தண்ணீர் இல்லை, பிடித்திருப்பவரின் கைதான், அது அவருக்கே தெரியாது என்கிறார்கள். என் தாய்மாமா முப்பது வருடமாக நீரோட்டம் பார்க்கிறவர். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், நடப்பார். ஓரிடத்தில் குடுமி மேலே வந்து தேங்காய் நிமிரும். எங்கள் வீட்டுக் கிணறும் அப்படிப் பார்த்ததுதான், இந்தக் கோடையிலும் வற்றவில்லை. கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறவரும் அவர்தான். அவரை ஏமாற்றுக்காரர் என்று மேடையில் எப்படிச் சொல்ல?

போர்வண்டி தக்கலை:

தம்பி, நான் போர்வெல் போடுகிற ஆள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. தாழ்வான இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோண்டினாலும் பெரும்பாலும் ஈரம் காணும். பாறை மேட்டில்தான் சோதனையே. நீரோட்டம் பார்த்துச் சொன்ன இடத்திலும் வெறும் பாறைப்பொடி வந்து வண்டியைத் திருப்பியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதையை யாரும் கல்யாண வீட்டில் சொல்வதில்லை. தண்ணீர் வந்த கதையைத்தான் சொல்வார்கள்.

பழைய கைரேகை:

ஏமாற்றுக்காரர் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஹைமனே அப்படிச் சொல்ல மாட்டார். அவர் தொடங்கியதே கைரேகை பார்த்துத்தான். நானும்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பிளஸ் டூ முடித்துச் சும்மா நின்ற வருடம். கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துப் பக்கம், சங்கு மாலைக் கடை நிழலில் ஒரு பெரியவர் கை பார்ப்பார். அவரிடம் தொழில் படித்தேன். சூரிய உதயக் கூட்டத்தால் பிரயோசனமில்லை, அவர்கள் பாறைக்குப் போகிற படகு வரிசைக்கு ஓடுவார்கள். அஸ்தமனம் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கை நீட்டுவார்கள். எனக்குத் தெரிந்த இந்தி நாற்பது வாக்கியம் இருக்கும். "வர வேண்டிய பணம் ஒன்று தடைபட்டு நிற்கிறது" என்பது அதில் ஒன்று. தலையாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நாக்பூர்க்காரர் ஒருவருக்குப் புத்தி ரேகையையும் இருதய ரேகையையும் மாற்றிப் படித்துவிட்டேன். சொல்ல வேண்டியதற்கு நேர் எதிராகச் சொன்னேன். பாதியில்தான் எனக்கே உறைத்தது. அந்த மனிதரோ கண் கலங்கி, மனைவியைக் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். நூறு ரூபாய் கொடுத்தார், அன்றைக்கு அது பெரிய காசு.

இதையே ஹைமன் வேண்டுமென்றே செய்து பார்த்தார். பதின்ம வயதில் மேஜிக் செய்வார், கையும் பார்ப்பார், ரேகையில் உண்மை இருக்கிறதென்று நம்பவும் செய்தார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர், "ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்" என்றார். சொன்னார். வந்தவர்கள் முன்பு போலவே அசந்து போனார்கள். பத்திரிகைத் துறை படிக்கப் போனவர் உளவியலுக்கு மாறியதற்கு இந்தக் குழப்பம்தான் வேர். அவர் கலங்கிப் போய்ப் படிக்கப் போனார், நான் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். 1977-இல் அவர் எழுதிய கட்டுரையில் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. நாம் சொல்வது பொதுவான பேச்சு, அதைத் தன் வாழ்க்கையோடு பொருத்துகிற வேலையைக் கை நீட்டியவரே செய்துகொள்கிறார்.

செமினாரில் ஹோனர்டன் கதையைக் கட்டாயம் சொல். மனோசக்தி உண்டு என்ற பக்கம் நின்ற ஆய்வாளர் அவர். கண்ணில் பாதிப் பிங்பாங் பந்து, காதில் இரைச்சல் என்று ஒருவரை உட்கார வைத்து, வேறு அறையில் இருப்பவர் பார்க்கும் படத்தை நாலில் ஒன்றாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனைகள். 1985-இல் ஹைமனும் ஹோனர்டனும் அதைப் பற்றி எதிரெதிராக எழுதினார்கள். அடுத்த வருடமே சேர்ந்து உட்கார்ந்து, இனி நடக்கும் சோதனைகள் எப்படி இருந்தால் ஒத்துக்கொள்ளலாம் என்று கூட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐம்பது வருடம் பேய் பிசாசோடு மல்லுக்கட்டியவர் என்று ஹைமனைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 1995-இல் தூரத்தில் இருப்பதை மனதாலேயே பார்க்க முடியுமா என்று அமெரிக்க உளவுத்துறை நடத்திய திட்டத்தை மதிப்பிட்டபோதும் அப்படித்தான். கூட மதிப்பிட்ட புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், மனோசக்தி நிரூபணமாகிவிட்டது என்றார். ஹைமனோ, எண்கள் தற்செயல் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் அதனால் மட்டும் மனோசக்தி என்று ஆகிவிடாது என்றார்.

மாமா விஷயத்துக்கும் அவர் வழியே போதும். ஏன் நிமிர்கிறது என்று விளக்கம் தேடும் முன், நிமிர்வது நிஜமாகவே தண்ணீரைப் பொறுத்துத்தானா என்று பார். கண்ணைக் கட்டி அதே விளையில் ஐந்து தடவை நடக்கச் சொல். ஒரே இடத்தில் நிமிர வேண்டும் அல்லவா? ஆனால் கெஞ்சிக் கேட்டுச் செய், சவால் விடாதே.

சுருளகோட்டுப் பையன்:

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை செய்தோம். மாமா உடனே சரி என்றார், அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கண் திறந்து நடந்தபோது அயினிப்பிலா மரத்தடியில் நிமிர்ந்தது. துண்டால் கட்டியபின் ஐந்து தடவையும் ஐந்து இடம். சுண்ணாம்பு போட்டு வைத்தேன். ஒன்று மாட்டுத் தொழுவத்து வாசல். கட்டை அவிழ்த்ததும் மாமா வெள்ளைப் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "துண்டு புதுசுலே மக்களே, கஞ்சி வாசம் அடிக்கி. அதான் ஓடல" என்றார். அத்தை சாயா கொண்டுவந்தாள், பேச்சு அதோடு மாறிவிட்டது. திங்கள் காலையில் குலசேகரத்தில் யாரோ கூப்பிட்டார்கள், தேங்காயோடு போய்விட்டார்.

வோக்ட்டும் ஹைமனும் சொன்னது அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. தண்ணீர் கிடைக்குமா என்ற சந்தேகம் அதிகமுள்ள இடத்தில்தான் இப்படிப்பட்டவர்களை அதிகம் தேடுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். குலசேகரத்துக்காரர் நகையை அடகு வைத்துப் போர் போடுகிறாராம். இதைச் செமினாரில் சொல்லலாமா?

பழைய கைரேகை:

என்னிடம் கேட்டால்? மாமாவிடம் கேள்.

சுருளகோட்டுப் பையன்:

கேட்டேன். "தொழுவத்து வாசலை மட்டும் விட்டுரு, மத்ததெல்லாம் சொல்லிக்கோ" என்றார்.