பல்ப் மோடில் ஷட்டரை மூடியதும் கேமரா ஹேங் ஆகிறது, படமும் இல்லை – அவசரம், இன்று அமாவாசை

பனைநிழல் | மாலை 4.10
வணக்கம். இரண்டு நாளாக நட்சத்திரக் கோடு (நட்சத்திரங்கள் நகர்வது கோடாகப் பதியும் படம்) எடுக்க முயல்கிறேன். பல்ப் மோடில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் அமைப்பில் எடுக்கிறேன். மூடியதும் கேமரா ஹேங் ஆகிவிடுகிறது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது, ஆனால் எடுத்த படம் கார்டில் இல்லை. நாளை இரவு துபாய்க்குத் திரும்புகிறேன், எனக்கு இன்று ஒரு ராத்திரிதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செந்தூர்_அலை | 4.18
என்ன கேமரா? எத்தனை நிமிடம் திறந்து வைத்தீர்கள்? ரிமோட்டா, விரலா? ஒன்றுமே சொல்லவில்லையே நண்பரே.

கார்டு_வைத்தியர் | 4.25
கார்டுதான். சந்தேகமே வேண்டாம். மேலே 64 ஜிபி என்று போட்டிருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. கார்டை மாற்றுங்கள், கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

முக்காலி | 4.31
கேமராவோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்க்காமல் நேராக இங்கே வந்துவிடுகிறார்கள். இதே கேள்விக்கு நான் எத்தனை முறைதான் பதில் எழுதுவது? முதலில் 30 செகண்டில் ஒழுங்காக எடுத்துப் பழகுங்கள், பல்ப் எல்லாம் அப்புறம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்றாவது தெரியுமா? அந்தக் காலத்தில் ஃப்ளாஷ் பல்பு எரிந்து முடிகிறவரை ஷட்டரைத் திறந்து வைப்பார்கள், அதனால் பல்ப்.

ரீல்_காலத்தவர் | 4.44
முக்காலி சார், அது தவறு. ஃப்ளாஷ் பல்பு வருவதற்கு முன்பே அந்தப் பெயர் இருக்கிறது. சைக்கிள் ஹாரனில் இருக்குமே, அதுபோல ஒரு ரப்பர் பந்து. அழுத்தினால் குழாய் வழியாகக் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், பிடியை விட்டால் மூடிக்கொள்ளும். அந்தப் பந்துக்குத்தான் பல்ப் என்று பெயர். பழைய கேமராப் பெட்டிகளில் பல்பைக் குறிக்கும் பி பக்கத்திலேயே டி என்று ஒன்றும் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் திறக்கும், மறு தடவை அழுத்தினால் மூடும். எங்கள் அப்பாவின் ஸ்டூடியோவில் இரண்டையும் நான் கையால் இயக்கியிருக்கிறேன்.

முக்காலி | 4.50
நான் படித்ததைச் சொன்னேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கரூர்_க்ளிக் | 4.58
எனக்கும் இப்படி ஆனது, பேட்டரி பலவீனம். ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சென்சார் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். முழு சார்ஜ் போட்ட பேட்டரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட் இல்லையென்றால் பட்டன் மேல் ஒரு சின்னக் கூழாங்கல்லை வைத்து ரப்பர் பேண்டு சுற்றுங்கள், விரல் நடுக்கம் படத்தில் வராது.

செந்தூர்_அலை | 5.03
கல், ரப்பர் பேண்டு எல்லாம் வேண்டாம். சுற்றும்போதே கேமரா ஆடி முதல் சில செகண்டு கோடு வளைந்துவிடும். குறைந்த விலைக்கே கம்பி ரிமோட் கிடைக்கிறது.

பனைநிழல் | 5.20
மன்னிக்கவும், தோட்டத்தில் இருந்தேன். கேனான் 1500டி, 18-55 லென்ஸ். கம்பி ரிமோட் இருக்கிறது, அழுத்தி முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பேட்டரி முழு சார்ஜ். கார்டு புதிது, பகலில் எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. உடன்குடிப் பக்கம் எங்கள் தாத்தா ஏறிய பனைகள் நாலைந்து நிற்கின்றன, அவற்றை வைத்துத்தான் எடுக்கிறேன்.

இரவாடி | 5.26
தம்பி, மூன்று கேள்விதான். எத்தனை நிமிடம் திறந்து வைத்தீர்கள்? மூடிய பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துப் பேட்டரியைக் கழற்றினீர்கள்? திரையில் பிஸி என்று வந்ததா?

பனைநிழல் | 5.33
முதல் நாள் 8 நிமிடம். நேற்று 25. பிஸி என்று வந்தது அண்ணா, அதனால்தான் ஹேங் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் பொறுத்தேன்.

இரவாடி | 5.41
கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஓர் அமைப்பு ஆனில் இருக்கிறது. நீங்கள் ஷட்டரை மூடியதும், கேமரா அதை மூடிய நிலையிலேயே வைத்து, அதே அளவு நேரத்துக்கு இருட்டை ஒரு படமாக எடுக்கும். சென்சார் சூடேறி வருகிற சிவப்பு, நீலப் புள்ளிகள் அதில் தனியாகத் தெரியும். அவற்றை உங்கள் படத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் கார்டில் எழுதும். 8 நிமிடப் படத்துக்கு இன்னொரு 8 நிமிடம், 25 நிமிடத்துக்கு இன்னொரு 25. நீங்கள் ஐந்தாவது நிமிடத்தில் பேட்டரியைப் பிடுங்கியதால் எழுதும் முன்பே படம் போய்விட்டது. இனி அப்படிக் கழற்றாதீர்கள், எழுதும் நேரத்தில் கழற்றினால் கார்டிலுள்ள மற்ற படங்களும் கெடலாம்.

டயலை எம்-இல் (மேனுவல்) வைத்து மெனுவுக்குள் போங்கள். ஆட்டோ மோடில் இருந்தால் கஸ்டம் ஃபங்ஷன்ஸ் என்ற பகுதி கண்ணில் படாது. நான் சொன்ன நாய்ஸ் ரிடக்ஷன் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கும், ஆஃப் செய்யுங்கள்.

முக்காலி | 5.50
ஆஃப் செய்யச் சொல்வது தவறான அறிவுரை. நம்மூர் வெக்கையில் 25 நிமிடம் திறந்து வைத்தால் படம் முழுக்கப் புள்ளி கொட்டிக் கிடக்கும். ஆனிலேயே வைத்துவிட்டுப் பொறுமையாக உட்காரட்டும்.

இரவாடி | 5.58
புள்ளி வரும் என்பது சரிதான். ஆனால் அவருக்கு இருப்பது ஒரே இரவு. ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு இன்னொரு மணி நேரம் காத்திருந்தால் பேட்டரி பாதியிலேயே போய், இருந்த படமும் போய்விடும். அதைவிட 30 செகண்டுப் படங்களாகத் தொடர்ந்து எடுக்கலாம். எம் மோடு, 30 செகண்டு, லென்ஸ் திறப்பு எஃப் 3.5, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800, டிரைவ் கன்டினியுவஸ் (விடாமல் அடுத்தடுத்து எடுக்கும் நிலை), ரிமோட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான். 120 படம் சேர்ந்தால் ஒரு மணி நேரம். ஸ்டார்ஸ்டாக்ஸ் இலவச மென்பொருள், எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தரும். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே அமைப்பில் நாலைந்து எடுங்கள், புள்ளிகளை அது கழித்துக்கொள்ளும். இதற்கும் நாய்ஸ் ரிடக்ஷன் ஆஃபில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் 30 செகண்டு நின்று, கோடு துண்டு துண்டாக விழும்.

ரீல்_காலத்தவர் | 6.07
அடுக்கி ஒட்டுவதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. ஒரே முறை திறந்து, ஒரே முறை மூடி எடுப்பதில் இருக்கிற நிறைவு அதில் வராது. ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, நாற்பது நிமிடம். நான் இன்றும் அப்படித்தான் எடுக்கிறேன்.

இரவாடி | 6.12
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முப்பதாவது நிமிடத்தில் ஒரு லாரி வெளிச்சம் அடித்தால் மொத்தமும் வீண். அடுக்கும் முறையில் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

ரீல்_காலத்தவர் | 6.15
லாரி வராத இடத்துக்குப் போக வேண்டும்.

செந்தூர்_அலை | 6.21
சண்டையை விடுங்கள், பொழுது சாய்கிறது. பனைநிழல், எந்தத் திசை பார்த்து எடுக்கிறீர்கள்? வட்டம் வேண்டுமென்றால் வடக்கு. ஆனால் உடன்குடியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டரை டிகிரிதான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த உயரம். அடர்ந்த தோப்புக்குள் நின்றால் வட்டத்தின் மையம் மறைந்துவிடும், தேரி (செம்மணல்) மேட்டுப் பக்கம் வெட்டவெளியாக நின்று பாருங்கள். கிழக்கு பார்த்து எடுத்தால் கோடுகள் ஏறக்குறைய நேராக மேலே ஏறும், பனைக்கு அதுவும் அழகுதான். இன்னொன்று, வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் நகரும். உங்கள் 8 நிமிடப் படம் வந்திருந்தாலும் கோடு இரண்டே டிகிரி நீளம்தான். ஒரு மணி நேரமாவது வேண்டும்.

இரவாடி | 6.24
லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை ஆஃப் செய்யுங்கள். ஃபோகஸ் எம்எஃப்பில் (கையால் திருப்பும் நிலை) வைத்து, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில்) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகிறவரை திருப்புங்கள். கடலோரக் காற்று, அரை மணிக்கு ஒருமுறை லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடிக்காமல் பாருங்கள்.

கார்டு_வைத்தியர் | 6.40
எதற்கும் கார்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

பனைநிழல் | இரவு 2.35
ஆஃப் செய்தேன். கிழக்கு பார்த்து 130 படம், எல்லாம் கார்டில் இருக்கிறது. அப்புறம் பேட்டரி தீர்வதற்குள் ரீல்_காலத்தவர் ஐயா சொன்னபடி ஒரே திறப்பில் 40 நிமிடம் ஒன்று. மூடியதும் படம் திரையில் வந்துவிட்டது. கோடுகளுக்கு முன்னால் ஐந்து பனையும் தெரிகின்றன. எல்லோருக்கும் நன்றி, பெட்டி கட்ட வேண்டும்.

ரீல்_காலத்தவர் | காலை 6.02
40 நிமிடப் படத்தைக் கட்டாயம் போடுங்கள் தம்பி.

முக்காலி | 7.15
புள்ளி வந்ததா?