ட்யூனர் பச்சை காட்டுது, பாட்டோட வாசிச்சா மட்டும் ஒட்டவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

கத்துக்குட்டி_கிட்டார்:
வணக்கம் மக்களே. எலக்ட்ரிக் கிட்டார், 9 கேஜ் (மெல்லிசான) ஸ்ட்ரிங், ஃபிக்ஸட் பிரிட்ஜ். கன்ஸ் அண்ட் ரோசஸோட ஸ்வீட் சைல்ட் ஓ மைன் இன்ட்ரோ யூட்யூப் பாத்து கத்துக்கிட்டேன், டி ஸ்ட்ரிங்ல 12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க இருக்குற கம்பி) ஆரம்பிச்சு பி ஸ்ட்ரிங் 15, ஜி ஸ்ட்ரிங் 14னு ஓடுமே அதுதான். பாடம் எடுக்குறவர் கூட வாசிச்சா கச்சிதமா இருக்கு, ஒரிஜினல் பாட்டைப் போட்டுட்டு வாசிச்சா காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கு. கடையில கேட்டா இன்டொனேஷன் (ஃப்ரெட் ஃப்ரெட்டா சுருதி சரியா விழுறது) போச்சு, செட்டப் பண்ணணும்ங்கிறாங்க. காசு செலவு பண்ணலாமா?

பழைய_ஸ்ட்ரிங்:
இருங்க தம்பி, அவசரப்படாதீங்க. 12வது ஃப்ரெட்ட அழுத்தி ஒரு தடவ, அதே இடத்துல அழுத்தாம லேசா தொட்டு மீட்டுற ஹார்மோனிக் ஒரு தடவ, ரெண்டையும் ட்யூனர்ல பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னா இன்டொனேஷன் நல்லாத்தான் இருக்கு. அதுல கோளாறுன்னா பாடம் எடுக்குறவர் கூட மட்டும் எப்படி ஒட்டும்?

கத்துக்குட்டி_கிட்டார்:
பாத்துட்டேன் அண்ணா, ஆறு ஸ்ட்ரிங்லயும் ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது.

சுருதிப்பொட்டி:
நான் பாட்டு டீச்சர், கிட்டார் தெரியாது. சுருதிப் பெட்டி ஆப் ஒண்ணு இறக்கி ரெண்டு கட்டைல (டி சுருதி) வச்சு பாட்டைப் போட்டுப் பாருப்பா, பிசிறும். ஒன்றரைக்கு (டி ஃப்ளாட்) இறக்கு, அப்படியே போய் உக்காந்துரும். நீ ரெண்டு கட்டைல வாசிக்கிற, அவங்க ஒன்றரைல பாடுறாங்க.

பழைய_ஸ்ட்ரிங்:
டீச்சர் சொன்னதுதான் விஷயம். அந்தப் பாட்டு மட்டும் இல்ல, 1987ல வந்த அந்த ஆல்பமே ஆறு ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி வாசிச்சது. அவங்க கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் விரல் வைக்கிறது டி, சி, ஜி, டி, கோரஸ்ல ஏ, சி, டி, ஆனா காதுல விழுறது டி ஃப்ளாட், பி, ஜி ஃப்ளாட். ஹெண்ட்ரிக்ஸ், ஸ்டீவி ரே வான் எல்லாம் இப்படி இறக்கி வாசிச்சவங்கதான், பாடுறவனுக்கும் சௌகரியம், ஸ்ட்ரிங்கை இழுத்து பெண்ட் பண்ற விரலுக்கும் சௌகரியம். பாடம் எடுக்குறவங்க பலபேர் ஸ்டாண்டர்ட்லயே வச்சு சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுறாங்க, அதைச் சொல்லித் தொலைச்சா என்ன?

ராத்திரி_ரிஃப்:
கேப்போ போட்டா முடிஞ்சுது ப்ரோ, எதுக்கு ட்யூனிங் மாத்திக்கிட்டு

பழைய_ஸ்ட்ரிங்:
கேப்போங்கிறது கழுத்துல எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்குற கிளிப், அது சுருதியை ஏத்தும், இறக்காது. சும்மா பாடிக்கிட்டே கார்ட் போடணும்னா 4வது ஃப்ரெட்ல கேப்போ மாட்டி ஏ, ஜி, டி, ஏ, கோரஸுக்கு ஈ, ஜி, ஏ போடலாம், பாட்டோட சரியா ஒட்டும். ஆனா அந்த ரிஃப் கைக்கு வராது, அதுக்கு இறக்கித்தான் ஆகணும்.

கத்துக்குட்டி_கிட்டார்:
இறக்குனா ட்யூனர் சிவப்பு காட்டுதே அண்ணா?

பழைய_ஸ்ட்ரிங்:
கிட்டார் மோட்ல இருக்கும், எல்லா சுரத்தையும் காட்டுற குரோமாட்டிக்குக்கு மாத்துங்க. தடி ஸ்ட்ரிங்ல இருந்து டி ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், டி ஷார்ப். ஈ ஃப்ளாட் ட்யூனிங்னு சொல்றதும் இதேதான், பயந்துறாதீங்க. ஒவ்வொண்ணையும் வேண்டியதுக்குக் கொஞ்சம் கீழ இறக்கிட்டு அங்கிருந்து ஏத்திக் கொண்டுவந்து நிறுத்துங்க, மேல இருந்து இறக்கி அப்படியே விட்டா வாசிக்க வாசிக்க இன்னும் தளர்ந்துரும்.

கத்துக்குட்டி_கிட்டார்:
ஒட்டிருச்சு!! இப்ப பாட்டுல எது ஸ்லாஷ் எது நான்னே தெரியல (வால்யூம் கம்மியா வச்சா). ஆனா தடி ஸ்ட்ரிங்ல முதல் ரெண்டு ஃப்ரெட் மட்டும் கிர்ர்னு இரையுது, இதுக்கு முன்னாடி அப்படி இல்ல.

பழைய_ஸ்ட்ரிங்:
இறுக்கம் குறைஞ்சதால நெக் லேசா நிமிர்ந்துருக்கு, அதான். 9 கேஜைக் கழட்டிட்டு 10 போடுங்க, பழைய இறுக்கத்துக்குக் கிட்ட வந்துரும், பாதி பேருக்கு அதுலயே சத்தம் நின்னுரும். நிக்கலைன்னா டிரஸ் ராடை (நெக்குக்குள்ள அதோட வளைவைச் சரி பண்ற கம்பி) கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா கால் சுத்து, அதுக்கு மேல வேணாம், ட்யூன் பண்ணி ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் பாருங்க. கை நடுங்குச்சுன்னா அதுக்கு மட்டும் கடைக்குப் போங்க, இன்டொனேஷன்னு ஆரம்பிச்சாங்கன்னா ஹார்மோனிக்கை வாசிச்சுக் காட்டுங்க.