ஊசியா, அறுவையா: புரோஸ்டேட் புற்றுநோயும் எங்கள் கடற்கரை மக்களும்

தங்கச்சிமடத்திலிருந்து:

என் பெரியப்பா வாழ்நாளெல்லாம் விசைப்படகில் வேலை பார்த்தவர். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதையும் இடுப்பு வலியையும் வயதானால் வருவதுதான் என்று பொறுத்துக்கொண்டிருந்தார். மதுரையில் பரிசோதித்தபோது, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அங்கே ஒரு மருத்துவர், "விரைகளை எடுத்துவிடலாம், நாளைக்கே படுக்கை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒப்புதல் தாளை நீட்டினார். நோய் ஓரிடத்தில் இருக்க, வேறோர் உறுப்பை ஏன் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா கேட்ட கேள்விக்கு அவரிடம் நேரமில்லை.

மறுநாள் இளம் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து விளக்கினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெரும்பாலும் விரைகளில் சுரக்கிறது. அது புரோஸ்டேட் செல்லுக்குள் ஒரு நொதியால் இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறி, அங்குள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குச் சென்று, செல் வளர்வதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. புற்றுச் செல்களும் தொடக்கத்தில் இதே ஹார்மோனை நம்பியே பெருகுவதால், சுரப்பை நிறுத்தினால் நோய் அடங்குகிறது. 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டிய உண்மை இது. அதற்காகவே 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுவைக்குப் பதிலாக, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சுரப்பை நிறுத்தும் ஊசியையும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசி முதல் சில வாரங்களில் ஹார்மோனைக் கூட்டிவிடும் என்பதால், அதைத் தடுக்க மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும். இரண்டு வழியும் ஹார்மோனை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைக்கின்றன. ஆனால் அறுவையைத் திரும்பப் பெற முடியாது, ஊசியை நிறுத்த முடியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா அறுவையையே தேர்ந்தெடுத்தார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் இராது, அந்த நாள்களில் ஊசியின் தவணை வந்தால் பணத்திற்கும் மதுரைப் பயணத்திற்கும் எங்கே போவது என்பதுதான் அவருடைய கணக்கு. முதல்நாள் நீட்டிய தாளிலும் இதே கையெழுத்துத்தான் விழுந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். நான் அதை ஏற்கவில்லை. முதல்நாள் அவரிடம் கேட்டது பணிதல், மறுநாள் அவர் கொடுத்தது சம்மதம். ஏழை என்பதற்காக ஒரு மனிதருக்கு மலிவான வழி மட்டும் சொல்லப்படுமானால், அது நல்ல சிகிச்சையாகவே இருந்தாலும் அநீதிதான்.

கீழக்கரையிலிருந்து:

என் வாப்பாவுக்குப் புற்று இல்லை, புரோஸ்டேட் வீக்கம் மட்டும் இருந்தது. அதற்காக ஃபினாஸ்டிரைடு மாத்திரையை ஓராண்டுக்கும் மேலாகச் சாப்பிட்டு வந்தார். டெஸ்டோஸ்டிரோனை வீரியமாக மாற்றுவதாக மேலே சொல்லப்பட்ட நொதியைத் தடுக்கும் மாத்திரை அது. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையில் 2.9 என்று வர, ஆய்வகத் தாளில் "இயல்பு" என்று அச்சடித்திருந்தார்கள். நல்ல வேளையாக ராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்த மருத்துவர், முதலில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். இந்த மருந்து பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டுமாம். மேல் பரிசோதனைகள் செய்து, பயமில்லை என்று உறுதியான பிறகே எங்களுக்கு நிம்மதி வந்தது.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் பார்க்கிறது, புரோஸ்டேட்டைப் பார்ப்பதில்லை. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். மெதுவாக வளர்ந்து யாருக்கும் தீங்கு செய்யாத கட்டிகளையும் இந்த இரத்தப் பரிசோதனை பிடித்துவிடும், அதன்பின் தேவையற்ற சிகிச்சை அந்த மனிதரின் வாழ்வைக் கெடுக்கும். ஆனால் சிறுநீர்த் தொல்லையோடு வருகிற பெரியவரிடம் மாத்திரைப் பட்டியலைக் கேட்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை.

தொண்டியிலிருந்து:

என் மாமனார் ஊசி வழியை எடுத்தவர். உடல் திடீரென்று கொதிப்பதையும், தசை வற்றுவதையும், மனம் சோர்வதையும், தாம்பத்திய விருப்பம் அற்றுப்போவதையும் யாரும் முன்னரே சொல்லவில்லை. மாமனார் தம்மை வெறுத்துவிட்டார் என்றே எண்ணி அத்தை மாதக்கணக்கில் மௌனமாக இருந்தார். ஹார்மோன் செய்யும் வேலை இது என்று தெரிந்திருந்தால் அந்த மாதங்கள் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

2018-இல் தொடங்கிய தேசியக் காப்பீட்டில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாக வைத்தது. வெளிநோயாளியாகச் செய்யும் பி.எஸ்.ஏ. பரிசோதனை, பேருந்துச் செலவு, துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலி ஆகியவை வீட்டின் தலையிலேயே விழுகின்றன. இந்த ஊசி எலும்பையும் மெலியச் செய்வதால், மாமனாருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ராமநாதபுரத்திலேயே அதைச் செய்துகொண்டவர்கள் யாரேனும் இருந்தால், எங்கே, எவ்வளவு செலவில் என்று எழுதுங்கள்.