கண் முன்னாலேயே மாற்றி ஒளித்தாலும் பழைய இடத்திலேயே தேடுகிறாளே, ஏன்?

புது_அப்பா:
மகளுக்கு ஒன்பது மாதம். கிலுகிலுப்பையைத் துண்டால் மூடினால் துண்டை இழுத்துப் போட்டு எடுத்துவிடுகிறாள். நாலைந்து தடவை இப்படி விளையாடிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மறுபடியும் துண்டைத்தான் இழுக்கிறாள்! பார்வையில் ஏதாவது கோளாறு இருக்குமா?

குழலி:
பயமே வேண்டாம், இந்த வயசுக் குழந்தைகள் செய்வதுதான். சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகளிடமே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எட்டு மாதம் வரை கண்ணில் படாத பொருள் குழந்தைக்கு இல்லாத பொருள்தான், அதற்குப் பிறகும் ஒரு வயது வரை "முன்னே எங்கே கிடைத்ததோ அங்கேதான் கிடைக்கும்" என்ற நினைப்பு போகாது என்பது அவர் கட்சி.

கரும்பலகை:
பியாஜேயோடு நிறுத்தினால் எப்படி? 1985இல் ரெனே பயார்ஜோன் குழுவினர் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பலகை முன்னும் பின்னும் சாய்வதைக் காட்டினார்கள். அப்புறம் பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைத்தார்கள். பலகை எழும்போது பெட்டி மறைந்துவிடும். பெட்டியில் இடித்து நிற்கவேண்டிய பலகை, பெட்டியே இல்லாததுபோல் முழுக்கச் சாய்ந்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன. பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று தெரியாமலா?

மோர்க்குழம்பு:
கூடுதல் நேரம் பார்த்தால் புரிந்துகொண்டது என்று அர்த்தமா என்ன? பலகை அதிக தூரம் அசைந்ததால்கூடப் பார்த்திருக்கலாம், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இருட்டுச் சோதனைதான் பிடிக்கும்: பொம்மையைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்தால், ஐந்து மாதக் குழந்தைகூட அது இருந்த பக்கமாகத்தான் அதிகம் கை நீட்டுகிறது.

கரும்பலகை:
@புது_அப்பா, தெரிவது வேறு, கையை அடக்குவது வேறு. ஏடல் டயமண்ட் என்ற ஆராய்ச்சியாளர் காட்டியது இதைத்தான். ஒளித்த உடனே எடுக்க விட்டால் சரியாக எடுக்கும் குழந்தை, சில விநாடி பிடித்து வைத்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்கே போகும். பழகின கையை நிறுத்தும் மூளையின் முன்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள்.

புது_அப்பா:
இப்போதுதான் செய்து பார்த்தேன். தலையணையைப் பார்த்துக்கொண்டே துண்டை இழுக்கிறாள், கள்ளி!

குழலி:
அப்படியென்றால் கண் சரியாகத்தான் பின்தொடர்கிறது. இருந்தாலும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.