கார்டு லாக்: பூட்டா, தாழா, கவ்வியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிடைப்பட்டைத் திரையின் (வெனிஷியன் பிளைண்ட்) பழுதுகளைச் சரிசெய்யும் வழிகாட்டி ஒன்றுக்கு நான்கு சொற்கள் தேவை. பட்டைகளை மேலே இழுக்கும் லிஃப்ட் கார்டு (cord, கயிறு); பட்டைகளைத் தாங்கி நிற்கும் லேடர் கார்டு; இழுத்த உயரத்தில் கயிற்றை நிறுத்தும் கார்டு லாக்; கோலைத் திருகினால் பட்டைகளைச் சாய்க்கும் டில்டர். தூக்குக்கயிறு, ஏணிக்கயிறு, கயிற்றுப்பூட்டு, திருப்பி என்று எழுதி வைத்திருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

*

> தூக்குக்கயிறு

ஐயா, இது மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் நிலைத்துவிட்டது. இந்தக் கயிறோ உண்மையிலேயே குழந்தையின் கழுத்தில் மாட்டக்கூடியது. வழிகாட்டியில் எச்சரிக்கையாக வரவேண்டியது உறுப்பின் பெயராக வரக்கூடாது.

‘ஏற்றுகயிறு’ என்று வைக்கலாம். ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. கையில் பிடித்து இழுக்கும் நுனியும் பட்டைகளின் துளை வழியே இறங்குவதும் ஒரே கயிறுதான் என்பதையும் விளக்கத்தில் சேருங்கள். இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து வெளியே தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுபோடுகிறார்கள். முடிச்சு மேல்சட்டத்துக்குள் போய்ச் சிக்கித் திரை பாதியில் நின்றுவிடுகிறது.

தொங்கும் நுனிகளை ஒன்றாக முடிந்து வளையமாக்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனிக் குஞ்சம் வேண்டும் என்ற வரியும் அங்கேயே இருக்கட்டும்.

*

பூட்டு பற்றி. பூட்டு என்றதும் சாவி நினைவுக்கு வருவதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. ‘லாக் ஆகிவிட்டது’ என்று சொன்னால் திரை சிக்கிக்கொண்டது என்றுதான் நம் பேச்சில் பொருள். உறுப்பின் பெயரே பழுதின் பெயராகவும் இருந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

‘கயிற்றுத்தாழ்’ என்று வைத்தால் என்ன? தாழ்ப்பாளில் இருக்கும் அதே தாழ். சுருக்கமாகவும் இருக்கிறது.

*

> கயிற்றுத்தாழ்

அழகான சொல்தான். ஆனால் திரையைத் ‘தாழ்த்துங்கள்’ என்று அதே பக்கத்தில் நாலு இடத்தில் எழுதவேண்டி வரும். தாழ் என்பது இறக்குகிற உறுப்பு என்று படுவதற்கு இடம் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். கயிறு இரண்டு சிறு உருளைகளுக்கு நடுவே போகிறது. ஒன்று இடம் மாறாதது. மற்றொன்றின் மேல் சொரசொரப்பான வரிப்பற்கள். சரிவான காடியில் அது முன்பின் நகரும். கையை விட்டதும் திரையின் எடை கயிற்றை உள்ளே இழுக்கிறது, அதோடு பல்லுருளையும் நகர்ந்து வந்து கயிற்றை மற்ற உருளையோடு சேர்த்துக் கடிக்கிறது. கயிற்றைச் சற்றே இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்தால் பல் விலகும்.

கடித்துப் பிடிப்பது கவ்வி. ஆகவே ‘கயிற்றுக்கவ்வி’. பழுதைச் சொல்லும் வாக்கியத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

“கவ்வி பிடிக்கவில்லை.” திரை மேலே நிற்காமல் வழுக்கி இறங்குகிறது. உருளை தூசியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது கயிறு தேய்ந்து மெலிந்திருக்கும், அல்லது பழைய கயிறு 1.8 மி.மீ. இருந்த இடத்தில் 1.4 மி.மீ. கயிறு போட்டிருப்பார்கள். மெல்லிய கயிற்றைப் பல் எட்டாது.

“கவ்வி விடவில்லை.” திரை இறங்க மறுக்கிறது. மேல்சட்டத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி, மெல்லிய தட்டைத் திருப்புளியால் பல்லுருளையைக் காடியில் பின்னுக்குத் தள்ளவேண்டும். பிறகு பழைய பல்துலக்கியால் தூசி நீக்கி, உலர் சிலிக்கோன் தெளிப்பு கொஞ்சம். எண்ணெய் கூடாது, தூசியைச் சேர்த்துப் பசையாக்கும், கயிறும் வழுக்கும்.

பூட்டு, தாழ் இரண்டிலும் இந்த இரு வாக்கியங்களும் இவ்வளவு தெளிவாக அமையவில்லை.

*

கவ்விக்கு என் வாக்கு. தாழை விட்டுவிடுகிறேன்.

‘திருப்பி’ பற்றி ஒன்று. “கோலைத் திருப்பித் திருப்பியைத் திருப்பிப் போடுங்கள்” என்று ஒரு வரி வந்தே தீரும். திருப்புளி வேறு பக்கத்திலேயே இருக்கிறது. ‘சாய்ப்பி’ போதும். பட்டைகளைச் சாய்ப்பதுதான் அதன் வேலை.

கோல் சுற்றுகிறது, பட்டை அசையவில்லை என்றால், மேல்சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோலைச் சுற்றவேண்டும். சாய்ப்பியின் துளை சுழன்று, அதில் செருகி மேல்சட்டத்தின் நீளத்துக்கு ஓடும் தண்டு சுழலாவிட்டால், தண்டு பக்கவாட்டில் நழுவி வெளியே வந்திருக்கிறது. உள்ளே தள்ளினால் முடிந்தது. துளையே சுழலாவிட்டால் பற்கள் தேய்ந்துவிட்டன, சாய்ப்பியை மாற்றவேண்டும். புதிது வாங்குமுன் தண்டின் முனை அறுகோணமா, சதுரமா, ஒரு பக்கம் தட்டையான வட்டமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருத்தும்போது பட்டைகள் கிடையாக இருக்கட்டும், சாய்ப்பியும் தன் சுற்றின் நடுவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுதாக மூடும், மறுபக்கம் பாதியில் நிற்கும்.

*

> ஏணிக்கயிறு

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘நூலேணி’ தமிழில் முன்பே இருக்கிறது. பொருளும் அச்சாகப் பொருந்துகிறது: இரு பக்கமும் நூல், நடுவே படி, ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டை.

பெயரில் ‘கயிறு’ இல்லாததும் நல்லது. “கயிற்றை வெட்டுங்கள்” என்று வந்தால் வெட்டவேண்டியது ஏற்றுகயிறு ஒன்றே என்று ஐயமில்லாமல் தெரியும். தவறி நூலேணியை வெட்டினால், அதன் மேல்முனையைத் தண்டின் உருளையிலிருந்து எடுத்து ஏணி முழுவதையும் மாற்றவேண்டி வரும்.

*

அனைவருக்கும் நன்றி. ஏற்றுகயிறு, நூலேணி, கயிற்றுக்கவ்வி, சாய்ப்பி என்று திருத்திவிட்டேன். கயிறு மாற்றும் பத்தி இப்போது இப்படி இருக்கிறது. எங்காவது இடறினால் சொல்லுங்கள்:

“திரையை முழுதாக இறக்குங்கள். அடிச்சட்டத்தின் கீழுள்ள மூடிகளை நெம்பி எடுத்து ஏற்றுகயிற்றின் முடிச்சை அவிழுங்கள். பழைய கயிற்றை அளந்து, 30 செ.மீ. கூட்டிப் புதிய கயிற்றை வெட்டுங்கள், தடிமன் மாறக்கூடாது. புதிய கயிற்றின் முனையைப் பழையதன் கீழ்முனையோடு நுனிக்கு நுனி வைத்து மெல்லிய நாடாவால் சுற்றுங்கள். முடிச்சுப் போடவேண்டாம், கயிற்றுக்கவ்வியில் நுழையாது. குஞ்சத்தின் பக்கமிருந்து பழைய கயிற்றை மெதுவாக இழுத்தால் புதியது பட்டைத் துளைகளில் ஏறி, மேல்சட்டத்தைக் கடந்து, கவ்வி வழியே வெளிவரும். வழியில் இணைப்பு விட்டுப்போனால் கையால் கோக்கவேண்டும்: நூலேணியின் ஒரு படிக்கு வலப்பக்கம், அடுத்த படிக்கு இடப்பக்கம் என்று மாறி மாறிப் போகவேண்டும். ஒரே பக்கமாகக் கோத்தால் நூலேணி இடம் விலகிவிடும். பிறகு கீழே முடிச்சிட்டு மூடியைப் பொருத்துங்கள். திரையைப் பாதி ஏற்றி அடிச்சட்டம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால், தாழ்ந்த பக்கத்து ஏற்றுகயிற்றின் அடிமுடிச்சைச் சற்று மேலே ஏற்றிப் போடுங்கள்.”

*

ஒரு திருத்தம் மட்டும். நாடா சுற்றிய இடம் தடித்தால் அதுவும் கவ்வியில் நிற்கும். “ஒரே சுற்று” என்று சேர்த்துவிடுங்கள்.