ஒட்சிசன் இருந்தால் மட்டும் போதுமா? சேதனச் சேர்வைகளின் முனைவுத்தன்மை

திருநெல்வேலிப் பெடியன்:
உயர்தர சேதன இரசாயனத்தில் ஒரு சந்தேகம். ஐதரொட்சில் (OH), காபனைல் (C=O), அமைன் (NH₂) கூட்டங்கள் வந்தால் மூலக்கூறு முனைவுள்ளதாகும், அதாவது ஒரு பக்கம் சிறு நேரேற்றமும் மறுபக்கம் சிறு மறையேற்றமும் கொண்டதாகும் என்று குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஏன் இந்தக் கூட்டங்கள்? குளோரீனும் இலத்திரனை இழுக்கிறதுதானே, பிறகு காபன் நாற்குளோரைட்டு ஏன் முனைவற்றது?

ரியூசன் வாத்தி:
பெரிய விஷயமில்லை தம்பி. மின்னெதிர்த்தன்மை என்பது பிணைப்பு இலத்திரன்களை அணு தன் பக்கம் இழுக்கும் வலு. போலிங் அளவுத்திட்டத்தில் காபனின் மின்னெதிர்த்தன்மை 2.55, ஐதரசனுடையது 2.20. கிட்டக்கிட்ட இருப்பதால் வெறும் ஐதரோகாபனில் இழுபறி இல்லை. நைதரசன் 3.04, ஒட்சிசன் 3.44. இவை சங்கிலியில் ஏறியதும் பிணைப்பு இலத்திரன்கள் அவற்றின் பக்கம் சாய்ந்துவிடும். அங்கே சிறு மறையேற்றம், காபனில் சிறு நேரேற்றம். காபன் நாற்குளோரைட்டிலும் இழுவை இருக்கிறது, ஆனால் நான்முகி வடிவத்தில் நான்கும் ஒன்றையொன்று வெட்டிவிடும். வித்தியாசம் கூடினால் முனைவு கூடும். இதைப் பிடித்துக்கொள், சோதனைக்குக் காணும்.

ஆய்வுகூட அக்கா:
சேர், அந்த "வித்தியாசம் கூடினால் முனைவு கூடும்" என்பதுதான் இடிக்கிறது. இருமெதில் ஈதரிலும் அசற்றோனிலும் ஒட்சிசன் காபனோடுதான் பிணைந்திருக்கிறது, வித்தியாசம் இரண்டிலும் அதே 0.89. ஆனால் மூலக்கூறு எவ்வளவு முனைவுள்ளது என்று காட்டும் இருமுனைவுத் திருப்புதிறன் ஈதருக்கு 1.30 டிபாய் (அதன் அலகு), அசற்றோனுக்கு 2.88. இரண்டு மடங்கையும் தாண்டுகிறதே!

ரியூசன் வாத்தி:
ஈதரில் இரண்டு பிணைப்புகள் வளைந்து நிற்கின்றன பிள்ளை. ஓரளவு வெட்டுப்படும். வடிவம் முக்கியம் என்று நான் மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆய்வுகூட அக்கா:
வெட்டுப்பட்டாலும் ஒரு பிணைப்பின் அளவுக்குக் கீழே போகாது சேர், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கோணம் கிட்டத்தட்ட 111 பாகை. அளவும் திசையும் கொண்ட இரண்டு சம காவிகளை அந்தக் கோணத்தில் கூட்டினால் தனி ஒன்றின் 1.13 மடங்கு வரும். அதாவது ஈதர் ஒரு பிணைப்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்ட வேண்டும். அப்படியிருந்தும் அசற்றோனின் ஒரேயொரு காபனைல் அதை மிஞ்சுகிறது என்றால், அந்தப் பிணைப்பே வேறு மாதிரி. இரட்டைப் பிணைப்பில் இரண்டாவதான பை பிணைப்பின் இலத்திரன்கள், முதலாவதான சிக்மா பிணைப்பின் இலத்திரன்களைப்போல இறுக்கமாகப் பிடிபட்டவை அல்ல, ஒட்சிசன் இழுத்தால் இலகுவில் நகரும். காபனில் முழு நேரேற்றமும் ஒட்சிசனில் முழு மறையேற்றமும் கொண்ட பரிவு வடிவத்துக்கும் (அதே மூலக்கூறை இலத்திரன்களை இடம்மாற்றி வரையும் இன்னொரு வடிவம்) அங்கே பங்கு உண்டு. ஈதருக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் வேண்டுமா? நைதரசன் ஒட்சிசனைவிட மின்னெதிர்த்தன்மை குறைந்தது, ஆனால் அசற்றோநைத்திரைலின் திருப்புதிறன் 3.92. அதிலுள்ள காபன்-நைதரசன் முப்பிணைப்பு செய்கிற வேலை. புளோரோமெதேன் 1.86, குளோரோமெதேன் 1.90. புளோரீன் 3.98 வைத்துக்கொண்டும் 3.16 உள்ள குளோரீனிடம் தோற்கிறது. திருப்புதிறன் என்பது ஏற்றத்தைத் தூரத்தால் பெருக்கி வருவது, குளோரீன் பிணைப்பு நீளமானது.

ரியூசன் வாத்தி:
நல்லது. அப்படியென்றால் கொதிநிலைக்கு என்ன சொல்கிறீர்கள்? எதனோலும் இருமெதில் ஈதரும் ஒரே மூலக்கூற்றுச் சூத்திரம். ஒன்று 78 பாகையில் கொதிக்கும், மற்றது மறை 24இல். ஐதரொட்சில் எவ்வளவு முனைவுள்ளது என்பது அதிலேயே தெரிகிறதே.

ஆய்வுகூட அக்கா:
அது ஐதரசன் பிணைப்பு சேர், ஒரு மூலக்கூறின் ஒட்சிசனில் உள்ள ஐதரசன் அடுத்த மூலக்கூறின் ஒட்சிசனோடு ஒட்டுவது. எதனோலின் திருப்புதிறன் 1.69தான். 2.88 உள்ள அசற்றோன், மூலக்கூறும் பாரமாக இருந்துகொண்டு, 56 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஒட்சிசனில் பிணைந்த ஐதரசன் அதனிடம் இல்லை. முனைவையும் ஐதரசன் பிணைப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

பனங்காய்ப் பிரியன்:
நடுவில் நுழைகிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சின்னச் சின்ன மூலக்கூறுகளோடு நிற்கிறீர்கள். நம்மூர்ப் பனங்களியை எடுங்கள். அதன் கைப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்ற சபோனின், சவர்க்காரம்போல நுரைக்கும் வகை. ஒரு பக்கம் ஸ்டீரொயிட் கூடு, மறுபக்கம் ஐதரொட்சில் நிறைந்த வெல்லச் சங்கிலி. பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால் களி நாரிலிருந்து பிரிந்து, மேலே மஞ்சள் நுரை திரளும். முன்பு ஊரில் அதைக் கொண்டு உடுப்பும் தோய்த்தார்கள். இது முனைவுள்ளதா, முனைவற்றதா?

ஆய்வுகூட அக்கா:
மூலக்கூறு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. வெல்லப் பக்கம் தண்ணீரோடு ஒட்டும், ஸ்டீரொயிட் பக்கம் எண்ணெய் அழுக்கோடு ஒட்டும். கூட்டம் தன் அக்கம்பக்கத்தைத்தான் முனைவாக்கும்.

திருநெல்வேலிப் பெடியன்:
எல்லாம் சரி, அமைப்புக் கட்டுரையில் கேட்டால் எதை எழுதுவது?

ரியூசன் வாத்தி:
முதல் வரி மின்னெதிர்த்தன்மை, இரண்டாம் வரி வடிவம். புள்ளி அங்கேதான். பை இலத்திரன் எழுதினால் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

ஆய்வுகூட அக்கா:
பல்தேர்வில் அசற்றோனையும் ஈதரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்டால் உங்கள் இரண்டு வரியை வைத்து எதைத் தெரிவு செய்வது சேர்?