எண்ணெய் கலைந்த பின்னும் சால்மன் முட்டைகள் ஏன் செத்தன?

கயல், செம்பூர்:
வணக்கம். 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் மீன் வாங்காமல் இருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. இப்போது கல்லூரியில், 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியதைப் படிக்கிறேன். நீந்தத் தெரிந்த மீன் எண்ணெயை விட்டு விலகிப் போயிருக்குமே. பிறகு எப்படிப் பிங்க் சால்மன் பல ஆண்டுகள் பாதிக்கப்பட்டது?

இளங்கோ, மாட்டுங்கா:
வளர்ந்த மீன் விலகிப் போகலாம், தங்கையே. முட்டை எங்கே போகும்? அங்குள்ள பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியில் பிங்க் சால்மன்களில் பெரும்பகுதி, ஓடை கடலில் கலக்கும் இடத்தில், அலை ஏறி இறங்கும் சரளைக்கல்லில் குழி பறித்துத்தான் முட்டையிடுகின்றன. கோடையின் இறுதியில் இட்ட முட்டை குளிர்காலம் முழுவதும் கல்லிடுக்கிலேயே கிடக்க, கரையில் படிந்த எண்ணெய் சிறிது சிறிதாக நீரில் கரைந்து அதே இடுக்குக்கு வந்து சேர்கிறது. எண்ணெய் படிந்த ஓடைகளில் முட்டைச் சாவு 1993 வரையிலும் மற்ற ஓடைகளைவிடக் கூடுதலாகவே இருந்தது.

பழைய எண்ணெய் தீங்கற்றது என்று பலர் நம்புவது எனக்குப் பெரும் வருத்தம். ஆவியாகும் பகுதி போனதும் நாற்றம் குறைகிறது. எஞ்சி நிற்கும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுச் சேர்மங்களோ கருவின் இதயத்தைத் தாக்குகின்றன. துடிப்பு மந்தமாகி, இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது.

தேவகி, முலுண்ட்:
ஆனால் 1990இல் அங்கே பிங்க் சால்மன் ஏராளமாகப் பிடிபட்டதே? பாதிப்பே இல்லை என்று வாதிட்டவர்கள் அதைத்தானே காட்டினார்கள்?

இளங்கோ, மாட்டுங்கா:
நல்ல கேள்வி, அம்மா. அந்தப் பிடிப்பில் பெரும்பங்கு பொரிப்பகங்களில் பொரித்துக் கடலில் விட்ட மீன்கள். அவற்றின் முட்டைகள் எண்ணெய் படிந்த சரளையில் கிடந்தவை அல்ல. மொத்தக் கணக்கில் ஓடைகளில் பிறந்த மீனின் இழப்பு மறைந்துபோகிறது. பிழைத்த குஞ்சுகளின் கதையையும் பார்க்க வேண்டும். அலாஸ்காவில் நடந்த ஓர் ஆய்வில், 100 கோடியில் சுமார் 5 பங்கு ஹைட்ரோகார்பன் கலந்த நீரில் முட்டைகளை வளர்த்து, பார்வைக்குக் குறையில்லாத குஞ்சுகளை மட்டுமே அடையாளமிட்டுக் கடலில் விட்டார்கள். தூய நீரில் வளர்ந்தவற்றைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவே அவை திரும்பி வந்தன. பிங்க் சால்மன் இரண்டே ஆண்டு வாழ்ந்து, ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் சாகும் மீன். ஒற்றைப்படை ஆண்டுகளில் முட்டையிடும் மரபுவழியும் இரட்டைப்படை ஆண்டுகளில் முட்டையிடும் மரபுவழியும் தம்முள் கலப்பதில்லை என்பதால், ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுகட்டாது.

கயல், செம்பூர்:
மிக்க நன்றி, அண்ணா. அப்படியானால் என் கட்டுரையில் பிடிப்புக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எண்ணெய் படிந்த ஓடைகளையும் படியாத ஓடைகளையும் முட்டைச் சாவைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.